கலங்கல்

விடியற்காலை ஐந்து நாற்பது வண்டி.
கூடலூர் பணிமனையில் கையெழுத்துப் போடக் குனிந்தவன் முகத்தில்
டார்ச் அடித்தார் போஜன்.
"யோகராசா, கண்ணைக் காட்டு."
இடது கண்
வெற்றிலை துப்பிய சுவர்.
"ஊது."
ஊதினேன். சைபர்.
"இன்னொரு தரம்."
இன்னொரு சைபர்.
மிஷினை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார்.
குடித்ததே இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
குடித்திருக்கிறேன், பல வருடம் முன்பு.
வாயைத் திறக்கவில்லை.

தவளமலை திரும்பியதும் வெயில்.
கண்ணாடி முழுக்கப் பரவாமல்
ஒரே ஊசியாகி இடது கண்ணுக்கு வந்தது.
மண் விழுந்த உறுத்தல் இல்லை இது.
கண்ணுக்குப் பின்னால் யாரோ
பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.
நடுவட்டத்தில் பனி மூடியது.
ஷட்டர்களை இறக்கினார்கள். பின் சீட்டில் ஒருவர் "முருகா" என்றார்.
எனக்கு மட்டும் நிம்மதி.
பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியவில்லை,
வலியும் தெரியவில்லை.

இந்தப் பாதையின் வளைவுகளைவிட
எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு.
டி.ஆர். பஜாரில் தங்கப்பன் கடைக்குப் பின்புறம், தாழ்ப்பாள் கிடையாது.
பைக்காரா படகுத்துறை, ஒன்பது மணிக்கு முன் பூட்டு.
நடுவில் சீகைத் தோப்பு.
ஒரு தடவை அங்கே
"டயர் பார்க்கணும்" என்று இறங்கி ஓடினேன்.
நான் திரும்பி வரும்வரை
கண்டக்டர் ஜெபசீலன்
நல்ல டயரை உதைத்துக்கொண்டே நின்றான்.
ஏழு மாதமாக ரத்தம்.
மூலம் என்று நானே தீர்மானித்து
கருணைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன்.

ஊட்டி ஆஸ்பத்திரி. டாக்டர் ஷெரின்.
தாடையை வைங்க, நெற்றியை ஒட்டுங்க.
கதவிடுக்கு வெளிச்சம்போல்
ஒரு கோடு கண்ணுக்குள் நுழைந்தது.
குடியைத்தான் கேட்பார் என்று பதிலோடு இருந்தேன்.
"முட்டி வலிக்குமா?"
கிளட்ச் மிதிக்கும்போது.
"வயிறு?"
கண் டாக்டர் வயிற்றைக் கேட்கிறார்.
மனைவியிடம்கூடச் சொல்லாததை,
தாடை அசையக் கூடாது என்பதால்
பல்லிடுக்கில் சொன்னேன்,
அந்த இயந்திரத்திடம்.
அவர் எழுதிக்கொண்டார்.
"குடல்ல அழற்சி இருந்தா சிலருக்குக் கண்ணுலயும் வரும்.
வயித்து டாக்டரை இன்னைக்கே பாருங்க."

வராந்தாவில் நின்று யோசித்தேன்.
வயிறு கலங்கும்.
கண் கலங்கும்.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவனுக்கு
இந்த நோய் இருந்திருக்குமோ.

சொட்டு மருந்தில் கண்ணின் பாவை விரிந்தது,
வட்டமாக இல்லை.
ஒரு பக்கம் உள்ளே ஒட்டிக்கொண்டு
பூச்சி கடித்த கொழுந்துபோல.
"விட்டுடுமா டாக்டர்?"
"பார்க்கலாம். இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம்."

மூன்று வாரம் ஸ்டியரிங் இல்லை.
டைம் ஆபீசில் போஜனுக்குப் பக்கத்து நாற்காலி,
கறுப்புக் கண்ணாடி, ஊதுகிற மிஷின்.
நாலாம் நாள் அன்வர் வந்தான்,
இரண்டு கண்ணும் செக்கச்செவேல்.
ஊதச் சொல்ல மறந்து
"வயிறு எப்படி?" என்றேன்.
"நேத்து ஆறு பரோட்டா அண்ணே, அது நல்லாத்தான் இருக்கு.
பாப்பாதான் தூங்க விடலை."
போஜன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.
அப்புறம் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல்,
"உனக்கு?"
பரவாயில்லை என்றேன்.
பரவாயில்லை என்பது அன்றைக்கு
நாளுக்கு மூன்று தடவை. முன்பு பதினொன்று.

வெள்ளிக்கிழமை மறுபரிசோதனைக்கு
என் வண்டியிலேயே பயணியாக ஏறினேன்.
அன்வர் ஓட்டினான். மூன்றாம் வளைவில்
கியரைக் கொஞ்சம் தாமதமாக மாற்றுகிறான்; சொல்லவில்லை.
என் தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டை
யாரோ அணைத்திருந்தார்கள்.
டி.ஆர். பஜார் வந்ததும்
ஜெபசீலன் நீளமாக விசில் அடித்தான்.
"பத்து நிமிஷம் நிற்கும். டயர் பார்க்கணும்."
எனக்கு அன்று தேவைப்படவில்லை.
இருந்தாலும் இறங்கினேன்.
பனிக்குள் இரண்டு பேரும் டயரைப் பார்த்தபடி நின்றோம்.
நல்ல டயர்தான்.
நானும் ஒரு உதை விட்டேன்.