மீதி

பயின்னவுங் சந்தையில்
ஈரம் உலராத உளுந்து
இரண்டாயிரத்து மூன்று மூட்டை.
பங்காளிகள் மூவர்:
அமிர்தகடேசன், இபுராம்ஷா, கோ தெய்ன் லுவின்.
மீதி இரண்டு மூட்டைக்கு
மதியம் வரை சண்டை.
கடைசியில் இபுராம்ஷா
தன் சொந்த மூட்டை ஒன்றை இழுத்துவந்து போட்டார்.
தலைக்கு அறுநூற்று அறுபத்தெட்டு என்று
பேரேட்டில் எழுதினேன்.
இரண்டாயிரத்து மூன்று பேர் வந்தாலொழிய
அந்த எண் எந்தப் பங்குக்கும் மசியாது
என்பதை நான் சொல்லவில்லை.
கணக்கெழுதுகிறவளுக்கு எதற்கு அந்தப் பேச்சு.

பகு என்ற வேரில்தான்
பங்கும் பகிர்வும் பகலும் பகையும்.
பகா எண்ணுக்கு மட்டும்
ஒரு நெடில் குறுக்கே நிற்கிறது,
மாட்டேன் என்கிற நெடில்.

இருபத்தெட்டாம் தெரு, ஐந்தாம் மாடி, என் அறை.
ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினாலு.
தன்னை வகுப்பவற்றைக் கூட்டினால்
தெரு தானே திரும்பி வரும்.
அந்த ஏழு,
இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய்
ஒன்றைக் குறைத்தால் கிடைக்கிற பகா எண்.
அதே குடும்பத்தில் இன்னொன்று இருக்குமா என்று
என் பழைய கணினி பார்க்கிறது.
இரண்டரைக் கோடி இலக்கம்.
கணினி மொழியில் எழுதினால்
ஒன்று ஒன்று ஒன்று ஒன்று,
மூச்சுவிட ஒரு சைபர்கூட இல்லாத வரிசை.

நான்கில் தொடங்கு.
வர்க்கமாக்கு, இரண்டைக் கழி,
அந்த ராட்சச எண்ணால் வகு,
மீதியை மட்டும் வைத்துக்கொள்.
மறுபடி வர்க்கம். மறுபடி இரண்டு.
எட்டுக் கோடி தடவைக்கு மேல்.
முடிவில் சைபர் நின்றால் பகா எண்.
வேறு எது நின்றாலும் இல்லை.

மின்சாரம் நான்கு மணி நேரம் வரும்,
எட்டு மணி நேரம் போகும்.
போனால்
கீழ்வீட்டு தோ கின் ஞுன்னின் ஜெனரேட்டரிலிருந்து
ஜன்னல் வழியாக ஒரு வயர்.
மாதக் காசோடு அவளுக்கு ஒரு கேள்வியும் உண்டு:
"இவ்வளவு கணக்குப் போடுகிறதே,
நாளைக்கு எந்த இரண்டு நம்பர் விழும்?"

தடிஞ்சுட் இரவு.
தெருவெல்லாம் மெழுகுவத்தி.
ஏழு மாதம் ஓடியது நின்றது.
சைபர் இல்லை.
பதினாறு எழுத்தில் ஒரு மீதி.

அது பகும்.
எதனால் என்று
எனக்கும் தெரியாது, கணினிக்கும் தெரியாது.
உடையும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது,
ஒரு சில்லு கையில் இல்லை.
இப்படியும் ஒன்றைத் தெரிந்துகொள்ள முடியும் என்பது
தோற்றதைவிட அதிகம் தூக்கத்தைக் கெடுத்தது.

மீதியின் கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தொன்று.
கேட்டாள், சொன்னேன்.
ஐயாயிரம் கியாட் கட்டினாள்.
விழவில்லை.
வயரைப் பிடுங்கி மூன்று நாளாகிறது.
கணினி
அடுத்த எண்ணின் நான்கில்
அப்படியே நிற்கிறது.