ஆனால்

மைனஸ் முப்பத்திரண்டு.
நாற்பத்தொரு சதவீதம் இருக்கிறது என்று சொன்ன போன்
சொன்ன வாய் மூடுவதற்குள் செத்தது.

சூவ்த்தின் செய்தி பாதிதான் தெரிந்தது.
“எர்தெனெத்திலிருந்து பஸ் ஏறிவிட்டேன், ஆனால்”
அதோடு இருட்டு.
இருட்டுக் கண்ணாடியில் நான்,
இமை மயிரில் பனி கட்டிய நாற்பது வயது.

இது ஏழாவது.
முதல் போன் கோடையில் உப்பியது,
ஆவியில் வெந்த பூஸ் கொழுக்கட்டை மாதிரி,
முதுகு பிளந்துகொண்டு.
மூன்றாவது நிலாவை அருமையாகப் படம் பிடிக்கும்,
நிலாவிலிருந்து யாராவது அழைத்தால் எடுக்காது.
பூமியிலிருந்து அழைத்தாலும்தான்.
நாலாவதைப் பற்றி நான் பேசுவதில்லை.
அதற்கு வாங்கிய கடனின் கடைசித் தவணை
போன வாரம்தான் முடிந்தது.

நாரன்தூல் சந்தையில் ரிப்பேர் பார்க்கும் ஹாஷ்பாத்
என்னைக் கண்டதும் தேநீருக்குச் சொல்லிவிடுவான்.
குட்டி திருப்புளியால் அதன் வயிற்றைத் திறந்து
உதட்டைப் பிதுக்குவான்.
“இது கலிபோர்னியாக் குளிருக்குச் செய்தது அண்ணே,
நம்ம குளிருக்கு இல்லை.”
பிறகு அடுத்த மாதம் வரப்போகும் மாடலைப் பற்றி
இருவரும் ஒரு மணி நேரம் பேசுவோம்.

விசைப்பலகையைச் சொல்ல மறந்தேன்.
எங்கள் உயிரெழுத்தில் இரண்டு அதில் ஒளிந்திருக்கின்றன.
ஓர் எழுத்தை அழுத்திப் பிடித்துக் காத்திருந்தால்
எட்டிப் பார்க்கும், கையுறைக்குப் பயந்து ஓடிவிடும்.
சூவ்த் என்றால் முத்து.
உயிரை எடுத்துவிட்டு அடித்தால்
ச், வ், த்.
பதினோரு வருடமாக என் மனைவிக்கு நான்
ஓர் இருமலை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

போனை அக்குளில் செருகினேன்.
தேல் அங்கிக்குள், உள்சட்டைக்குள், தோலோடு தோலாக,
புதிதாய்ப் பிறந்த ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றுகிறவன் மாதிரி.
குட்டி என்றால் கத்தவாவது செய்யும்.

பஸ் நிறுத்தத்தில் இன்னொருத்தி நின்றாள்,
அனல் நிலையத்து இரவு ஷிப்ட் முடிந்து,
கன்னத்தில் கரி.
கேட்காமலே தன் போனை நீட்டினாள்.
பொத்தான் போன். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது.
ஐந்தாம் எண் தேய்ந்து வெறும் வழுக்கை.
நான்கு நாளுக்கு ஒருதரம் சார்ஜ் போடுவாளாம்,
அதுவும் ஞாபகம் வந்தால்.

வாங்கிக்கொண்டேன். கையுறையைக் கழற்றினேன்.
ஐயாயிரம் மில்லியாம்பியர் எனக்கு மனப்பாடம்.
எந்தச் சில்லு எந்த ஆண்டு எத்தனை நானோமீட்டர்,
எந்தத் திரை நொடிக்கு எத்தனை முறை துடிக்கும்,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
சூவ்த்தின் எட்டு இலக்கம் தெரியாது.
யாருடைய எட்டு இலக்கமும் தெரியாது,
என்னுடையதைத் தவிர.

அதையே அழுத்தினேன்.
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறென்ன செய்ய?
ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக,
நீங்கள் அழைக்கும் நபர்
தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்.
இதையே சூவ்த் சொல்லியிருக்கிறாள், சாப்பாட்டு மேசையில்,
இவ்வளவு மரியாதை இல்லாமல்.

“ஆள் கிடைச்சாரா?”
“இல்லைங்க.”
விரல் நுனிகள் எரிந்தன.
டிராலி பஸ் கம்பியில் பொறி தட்டி வந்து நின்றது.

உள்ளே சூடு. மூன்று நிறுத்தம் தாண்டி
அக்குளில் ஓர் அதிர்வு.
எழுந்துவிட்டது. முப்பத்தெட்டு சதவீதம்,
ஒன்றுமே நடக்காத மாதிரி.
முதலில் தன்னைப் புதுப்பிக்க வேண்டும் என்றது.
இருபது நிமிடம் ஒரு வட்டம் சுற்றுவதை
நானும் ஜன்னலோரக் கிழவரும் பார்த்தோம்.
பிறகு முழுச் செய்தி:

“எர்தெனெத்திலிருந்து பஸ் ஏறிவிட்டேன், ஆனால்
சார்ஜரை மறந்துவிட்டேன். உன்னிடம் இருக்கும்தானே.”

இருக்கிறது. வீட்டு இழுப்பறையில் ஏழு சார்ஜர்,
பாம்புக் குட்டிகள் போல் பின்னிக்கொண்டு.
அவள் போனின் துளைக்கு ஒன்றும் பொருந்தாது.

சந்தை நிறுத்தத்தில் இறங்கினேன்.
ஹாஷ்பாத் தேநீருக்குச் சொல்லிவிட்டான்.