அட்லாண்டா பக்கம்

அந்த ஊரின் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை.
அட்லாண்டா பக்கம் என்று சொல்லிவைத்தேன்,
காரைக்குடியை அங்கே
மதுரைப் பக்கம் என்று சொன்னதுபோல.

மூன்று வருஷம்.
ஊரில் பாதிப்பேர் மாணவர்கள்,
மீதிப்பேர் அவர்களுக்குச் சோறு போட்டவர்கள்.
டார்லீன் இரண்டாம் பாதி:
பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் இருபத்தாறு வருஷம்.
அவள் வீட்டு மாடியறை எனக்கு வாடகைக்கு.
மெய்யம்மையை மே என்று வெட்டி
முன்னால் ஒரு மிஸ் சேர்த்தாள்.
பெயர்தான் குறைந்தது, மரியாதை இல்லை.

ஆட்டம் நடக்கிற சனிக்கிழமைகளில்
ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொள்ளும்.
பால் வாங்கப் போனவள்
தேர் வரும் தெருவில் மாட்டிக்கொண்டாற்போல
வங்கி வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றேன்.
முன்பின் தெரியாத ஒருவன்
ஐஸ் பெட்டியைத் திறந்து சோடா கொடுத்து
எந்த ஊர் என்று கேட்டான்.
பதில் சொல்வதற்குள்
மைதானம் அலறிவிட்டது.

நெடுஞ்சாலை ஓரம் தகரக் கொட்டகையில்
அவித்த கடலை விற்றார்கள்,
தோலோடு, உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட.
வந்த நாலாம் மாதம்
அதைப் பார்த்துத்தான் முதன்முதலில் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஒருதரம் வெள்ளைத்தூண் வீடு பார்க்கப் போனோம்.
பருத்திக்காரர் கட்டியது, நுழைவு பன்னிரண்டு டாலர்.
டார்லீன் எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்தினாள்.
இன்ஜினை அணைக்கவில்லை.
நீ போய்ப் பார்த்துவிட்டு வா கண்ணு, என்றாள்.
தூண்களை எண்ணினேன், பதினான்கு.
நம்ம வீடு மாதிரியே இருக்கு என்று எழுதி
அம்மாவுக்குப் படம் அனுப்பினேன்.
திரும்பி வந்து கதவைத் திறந்தபோது
ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
நானும்.

இந்தத் தை மாதம் வந்தார்.
(இங்கிலீஷில் இத்தனை காலம் அவள்;
திருச்சியில் விமானம் இறங்கியதும்
என் வாயில் தானாகவே அவர்.)
சக்கர நாற்காலி வேண்டாம் என்று சண்டை போட்டுவிட்டு
நடந்தே வெளியே வந்தார்.
இரண்டே நாளில் எங்கள் தெருவுக்கு டார்லீன் ஆச்சி.
கவுனி அரிசியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கி
எங்கே விளைகிறது என்றார்.
பர்மாவிலிருந்து வந்தது என்றேன்,
கொஞ்சம் பெருமையாகவே.

எங்கள் பெரிய வீட்டில்
எங்களுக்குப் பதினெட்டில் ஒரு பங்கு.
சாவி கோயம்புத்தூர்ப் பங்காளியிடமிருந்து
கூரியரில் வந்தது.
முகப்பு, வளவு, பட்டாலை என்று
பழகிய வரிசையில் சொல்லிக்கொண்டே போனேன்.
சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு. தரைக்கு இத்தாலிக் கல்.
கொண்டுவிக்கப் போன ஐயாக்கள்
ரங்கூனிலிருந்து கப்பலேற்றிய தேக்கு,
ஒவ்வொரு தூணும் ஒரே மரம்.

அவர் உள்ளங்கையைத் தூணில் வைத்தார்.
சூடு பார்ப்பதுபோல வைத்தபடியே இருந்தார்.
இதையெல்லாம் யார் வெட்டினார்கள்?
யானை இழுத்துவந்தது, என்றேன்,
ஆற்றில் மிதக்கவிட்டு...
யானையைக் கேட்கவில்லை, மிஸ் மே.

வட்டி எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
கடன் திரும்பாத வயல்கள்
யார் பேருக்கு மாறின என்று
பேரேட்டில் இருக்கும், புரட்டினால்.
தூண் எத்தனை என்று தெரியும்.
வெட்டியவன் பெயர் ஒன்று,
ஒன்றே ஒன்றுகூட.

வெளியே வந்தேன்.
எதிர்ச்சாரியில் செபஸ்தி
ஏசி போட்டுக்கொண்டு வண்டியில் இருந்தார்,
இன்ஜினை அணைக்காமல்.
பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.
உள்ளே அவர் எண்ணுவது கேட்டது,
ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே நின்று நின்று,
யாரோ பதில் சொல்வதற்கு இடம்விட்டாற்போல.

திரும்புகிற வழியில், பஸ் ஸ்டாண்டு ஓரம்,
அவித்த கடலை.
இரண்டு தின்றுவிட்டு
உப்புக் கம்மி என்றார்.
பிறகு ஜன்னலை இறக்கி
இன்னொரு பொட்டலம் கேட்டார்,
விரலால், விலை பேசாமல்.