ஆளில்லாத பக்கம்

பெரம்பூரில் வாங்கினேன் இதை.
ரயில்வே ஆலையில் பாய்லர் பார்த்த ஆல்வின் பெரேராவின் துப்பாக்கி.
அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்,
மகனுக்கு ஆஸ்திரேலியா போகிற அவசரம்;
பியானோ போன மறுநாள் இதுவும் போனது.
நாலு மாதம் கமிஷனர் ஆபீஸ் படி ஏறி
லைசென்ஸ் என் பேருக்கு மாறியது:
ம. பொன்னுரங்கம், பணவண்டிக் காவல்.

இரட்டைக் குழல்.
கட்டையின் அடியில் கத்தி முனையால் கீறிய கோடுகள்
நாற்பத்தொன்று.
எண்ணூர்க் கழியில் விழுந்த கிளுவைகளாம்.
நாற்பத்திரண்டாவது கோடு பாதியில் நிற்கிறது.
பறவை தப்பியதா, கத்தி மழுங்கியதா,
மகனுக்குத் தெரியவில்லை.

பெட்டிக்குள் எண்ணெய் குடித்த ஓர் அட்டை,
கூட வருகிறவர்களுக்காகப் பெரேரா
பிழையும் தமிழுமாக எழுதியது:

'வேளி தாண்டுமுன் தோட்டாவை எடு.
சேத்தில் வழுக்கினால் நீ விழு, குழல் விழக்கூடாது.
முன்னால் போறவன் முதுகு உன்னுது இல்லை.
வாயை எப்பவும் ஆளில்லாத பக்கம் வை.'

கழியில் சரி.
விடியுமுன் அங்கே வானமும் சேறும் கோரையும்,
எந்தப் பக்கமும் ஆளில்லாத பக்கம்தான்.

தண்டையார்பேட்டையில் எது?

வண்டி நிற்கும். பெட்டியோடு ரெண்டு பையன்கள் இறங்கி
ஏடிஎம் கதவைச் சாத்திக்கொள்கிற ஏழு நிமிஷம்
நான் வாசலில்.
நேரே வைத்தால் டிபன் கடை வரிசை.
இடப்பக்கம் ஆட்டோ ஸ்டாண்டு.
தூக்கினால் முதல் மாடி, கொடியில் துணி போடுகிற ஒருத்தி,
அதற்கும் மேலே
தண்ணித் தொட்டியில் ஏறிக் காற்றாடி விடுகிற பயல்.

'இன்னா சார், உள்ள குண்டு கீதா?'
யாராவது கேட்காத நாளில்லை.
பதில் சொல்லக் கூடாதென்று கம்பெனி உத்தரவு.
இருக்கிறது என்றால் அவனுக்குப் பயம்,
இல்லை என்றால் எனக்கு.

ஆடிச் செவ்வாய் ஒன்றில்
மீன்காரி கனகாம்புஜம் அந்த வழியாகப் போனாள்,
பூ மேல் படுத்து,
முன்னால் மேளம், அதற்கு முன்னால் பத்தாயிரம் வாலா.
முதல் வெடிக்கே உடம்பு தானாகத் திரும்பிவிட்டது.

விரல் விசையில் இல்லை, வளையத்துக்கு வெளியே.
சேஃப்டி போட்டிருந்தது.
எனக்குத் தெரியும்.
மாடியில் நின்றவளுக்கு எப்படித் தெரியும்?

ரெண்டு வட்டக் கறுப்பு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.
அவள் கையில் ஒரு குழந்தைச் சட்டை, பாதி பிழிந்தது.
நாலு சொட்டு விழுகிறவரை
குழலை இறக்க எனக்குத் தோன்றவில்லை.

அவள் கத்தவில்லை.
சட்டையைக் கொடியில் போட்டு
ரெண்டு கிளிப்பும் மாட்டினாள்.
உள்ளே போய்த் தாழ் போட்ட சத்தம்
அத்தனை மேளத்திலும் கேட்டது.

பதினொன்று நாற்பது, லோடிங் முடிந்தது
என்று நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

போய்ச் சொல்லலாம்தான்.
துப்பாக்கியோடு அந்த மாடி ஏற முடியாது.
துப்பாக்கி இல்லாமல் போனால்
யாரென்று அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் மூன்று துண்டாகக் கழற்றிக்
கித்தான் பையில் போட்டு ஷேர் ஆட்டோ.
கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருந்தது.
கூட்ஸ் வண்டி, பெட்டி பெட்டியாக, நகர்கிறதா நிற்கிறதா.
பின்சீட்டில் நாலு பேர், டிரைவர் பக்கம் ரெண்டு,
யாரோ கூடையை என் பை மேல் சாய்த்து வைத்து
தூங்கியும் போனார்கள்.
குழல் வேறு கட்டை வேறாகக் கிடக்கிற
அந்த முக்கால் மணி நேரம்
எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமில்லை எனக்கு.

இப்போதெல்லாம் கீழே பார்த்து வைக்கிறேன்.
நடைபாதையில் காலியாக இருப்பது
என் இடது ஷூ அளவு இடம்தான்.
பெரேரா இதை ஒப்பமாட்டார்.
மாடிக் கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது,
வண்டி வருகிற நாள் மட்டுமா என்று தெரியாது.

போன வாரம் காற்றாடிப் பயல் கீழே வந்து
என்னைச் சுற்றி ஒரு சுற்று நடந்தான்.
'இன்னா சார், உன் கால நீயே சுட்டுக்கப் போறியா?'

ஏழில் மூன்று நிமிஷம் ஆகியிருந்தது.