பாக்கெட்டில் மறந்தவை

புன்டா அரீனாஸில் காற்று மிஞ்சும் நாட்களில்
தெருமுனையில் கயிறு கட்டுவார்கள், பிடித்து நடக்க.
ஒரு கையில் கயிறு, இடுப்பில் அவன்,
அப்படித்தான் சலவைக் கடைக்கு வந்து சேர்வேன்.

பிறர் துணிகளின் பாக்கெட்டில் அகப்பட்டவை
ஒரு பிஸ்கட் டப்பாவில்:
தலையில்லாத பச்சைச் சிப்பாய்,
மூன்று கால் குதிரை,
சாயம் போன பென்குவின்,
யாரும் கேட்டு வராத ஒரு தகர பஸ்.

ரெமீஹியோவுக்கு மூன்று வயது, நான்கு மாதம்.
பதினான்கு சொற்கள் என்று
கிளினிக் நர்ஸ் எண்ணி எழுதினாள்.
அதில் ஒன்று நாயின் பெயர்.
இன்னொன்றும் அதே நாய்தான்.

"இன்னும் பேசலையா?" என்பார்கள்
போர்வை கொண்டுவருகிறவர்கள்.
"சின்னப் பிள்ளைதானே" என்பேன்,
மடிப்பிலிருந்து கண்ணெடுக்காமல்.

மடிக்கும் மேசைமேல் பஸ் ஓடும்.
சிப்பாயிடம் டிக்கெட் இருக்கிறது,
எங்கே வைத்தோமென்று யோசிக்கத் தலை இல்லை.
பென்குவினுக்கு ஜன்னலோரம்தான் வேண்டுமாம்;
அதற்கு என் முதலாளியின் குரல் கொடுத்திருந்தேன்.
குதிரை படியில் கால் வைத்து, கால் வைத்து...

அங்கே நிறுத்துவேன்.
நிறுத்தச் சொன்னது நர்ஸ்தான்:
பத்து வரை எண்ணுங்கள், மீதியை அவன் சொல்லட்டும்.
பத்து. இருபது.
மூன்றாம் இயந்திரம் சொல்லும்: கடகட, கடகட.
குளிர்காலம் முழுக்க அந்தக் குதிரை
படியிலேயே நின்றது.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை.
ஓட்டல் விரிப்புகள் நாற்பது, நான் பின்னறையில்.
வந்து பார்த்தால் தரையெல்லாம் சலவைத்தூள்,
புதுப் பெட்டி, முழுசாக.
நடுவில் அவன், புருவம்வரை வெள்ளை.

"யார் கொட்டினது?"

டப்பாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"குதிரை."
நான் எண்ணவில்லை. மூச்சுகூட விடவில்லை.
"கால் இல்ல. வழுக்கிடுச்சு."

எழுவாய் இருந்தது, காரணம் இருந்தது,
அந்த நாலாவது காலைப் போல
உண்மை மட்டும் இல்லை.
இத்தனை அழகான பொய்யை
யாரும் என்னிடம் சொன்னதில்லை,
அவன் அப்பா உட்பட.

சிரிப்பை ஓர் ஈர விரிப்பில் புதைத்துவிட்டு
குதிரையை எடுத்து, மூக்கில் தட்டி,
"கழுதை! ஒரு பெட்டி என்ன விலை தெரியுமா?"
என்று அதட்டினேன்.

வெடுக்கென்று பிடுங்கினான்.
முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.
தூள் படிந்த இமை விலக்கி
என்னையே முறைத்தான்:

"திட்டாத.
சின்னப் பிள்ளைதானே."