மூன்றரை மில்

நாய் இருக்கிறதா என்று முதலில் கேட்பேன்,
பிறகுதான் அளவு நாடா.
ஓஹையோவில் இந்த மாவட்டத்து வீடுகளுக்கு
விலை எழுதுவது என் வேலை.
செங்கல்லா பலகையா,
குளியலறை ஒன்றா ஒன்றரையா
(தொட்டி இல்லாவிட்டால் அரை),
நிலவறைக்குத் தரை போட்டாயிற்றா,
கொல்லைப்புறம் புதிதாக ஏதும் முளைத்ததா.

விர்ஜில் ஸ்டான்சக் வீட்டில் முளைத்திருந்தது.
தேவதாரு மரத்தளம், பதினாறுக்குப் பன்னிரண்டு அடி,
வாசம் இன்னும் போகவில்லை.
"இது தற்காலிகம்" என்றார்.
இருநூறு திருகாணியாவது இருக்கும்.
முன்புறப் புல்லில் அவர் குத்தி வைத்த அட்டை,
பள்ளி வரி வேண்டாம் என்று,
காற்றில் என் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது.

முப்பத்தொரு வருடம் காகித மில்லில் இருந்தவர்.
மில் மூடிய அன்று
பள்ளிக்கு வந்துகொண்டிருந்த வரியில் பாதி
புகைபோக்கியோடு போயிற்று.
இப்போது ஊரில் மிஞ்சியிருக்கும் மில்
வரிக் கணக்கில் வருகிற மில்தான்:
ஆயிரத்தில் ஒன்று,
முந்திரிக்குக் கீழே, இம்மிக்கு மேலே.
வாக்குச்சீட்டில் மூன்றரை கேட்டிருந்தார்கள்.

"என் வீட்டுக்கு அது எவ்வளவு?"
"வருடத்துக்கு நூற்றுப் பதினெட்டு டாலர்."
"ஓய்வூதியம் ஒன்று வருகிறது எனக்கு.
அதை மறுமதிப்பீடு செய்ய
யாரும் நாடாவோடு வருவதில்லையே."
பதில் எழுத
என் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆற்றைத் தாண்டினால் கார்விக் முனை.
ஏரியைப் பார்த்த ஜன்னல்கள்,
படகுக்கும் தனி வீடு.
அங்கே ஒரு மில் விதித்தால்
பிள்ளை ஒன்றுக்கு நானூறு டாலர் விழுகிறது.
இங்கே நாற்பத்தாறு.
அதே நாடாதான், அதே பேனா.
அங்கே நீச்சல் குளத்துக்கு வெந்நீர்.
இங்கே நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும்
நடுவே ஒரு அலமாரி,
அதற்கு இரண்டு பக்கமும் முதுகு.

நவம்பர், செவ்வாய், மழை.
வாக்குச்சாவடி
பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்திலேயே.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே மஞ்சள் வாளி,
கூரையிலிருந்து சொட்டு.
வரிசை வாளியைச் சுற்றி வளைந்து போயிற்று.
நிரம்பியதும் ஒருவர் தூக்கிப்போய்க் கொட்டிவிட்டு
சொட்டு விழும் இடம் பார்த்துத் திரும்ப வைத்தார்.
விர்ஜில்தான்.
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
உள்ளே போய் வாக்களித்தார்.

வேண்டும்: ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
வேண்டாம்: ஆயிரத்து இருநூற்று நான்கு.

பதினோரு பேர். ஒரே சிற்றுண்டிக் கடையில்
உட்கார வைத்துவிடலாம்.

ஜனவரியிலிருந்து
இரண்டு மைலுக்குள் பேருந்து கிடையாது.
டிரம்பெட் கற்றுத்தந்த ஒடெலியா ப்ரண்ட்
இண்டியானாவுக்குப் போய்விட்டார்.
மே மாதம் மறுபடி கேட்பார்களாம்,
நான்காவது தடவை.

எந்தப் பக்கம் குத்தினாய் என்று என்னைக் கேட்கிறார்கள்.
எனக்கு இங்கே வாக்கில்லை.
அன்று அங்கே நின்றது
மழைக்கு ஒதுங்கத்தான்.
நான் குடியிருப்பது கார்விக் முனையில்,
கராஜுக்கு மேலே இரண்டு அறை,
சம்பளத்தில் பாதி வாடகை.
மகன் அங்கே ஏழாம் வகுப்பு.
நீந்துகிறான்.

காலை ஏழு மணி, இன்னும் இருட்டு.
நடைபாதை இல்லாத சாலையோரம்
பனியில் ஒருவர் கால்தடத்தில் இன்னொருவர் காலை வைத்து
நான்கு பிள்ளைகள் போகிறார்கள்.
மாவட்ட வண்டியில்
வெளியாட்களை ஏற்றக் கூடாது என்பது விதி.
விளக்கைத் தாழ்த்திக்கொண்டு கடந்தேன்.

அலுவலகத்தில் ஸ்டான்சக் படிவம்
மூன்று மாதமாக மேசையில் கிடந்தது,
ஒரு வரி மட்டும் காலியாக.
எழுதினால் பள்ளிக்கு வருடம் அறுபத்திரண்டு டாலர்,
பழைய விகிதப்படி.
அவருக்கும் அதே அறுபத்திரண்டு.

எழுதினேன்.
பதினாறுக்குப் பன்னிரண்டு. தேவதாரு.
நிரந்தரம்.