சீட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

தடா தாண்டி இரண்டாவது எடைமேடை.
இரவு ஷிஃப்ட் என்னுடையது.
லாரி ஏறும், சிவப்பு எண் ஓடி ஓடி நிற்கும்,
கார்பன் வைத்துச் சீட்டு எழுதுவேன்:
வண்டி எண், சரக்கு, காலி எடை, மொத்த எடை.
பெயருக்கு அதில் கட்டம் கிடையாது.

லாரிகள் நெற்றியில் எழுதிக்கொண்டு வருகின்றன.
குர்லீன். ரெஹானா. பிங்க்கி தீ பாப்பா.
ஓட்டுகிறவன் பெயர் எங்கேயும் இருக்காது;
பெற்றது மட்டும் கண்ணாடிக்கு மேலே, பூப்போட்டு.

பையன் என்றால் முனிசேகர் வைக்கட்டும்,
பெண் என்றால் நான். அப்படித்தான் ஒப்பந்தம்.
நான்காம் மாதத்திலிருந்து
சீட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
எழுதவும் அடிக்கவுமாக இருந்தேன்.

என் பெயர் வேண்டா.
மூன்று அக்காக்களுக்குப் பிறகு, ஆரம்பாக்கத்தில்,
சாமிக்கு அடித்த தந்தி அது.
தந்தி போய்ச் சேர்ந்தது, தம்பி பிறந்தான்.
அவன் பெயரில் இரண்டு கடவுள்.
டீச்சர் வருகை எடுக்கையில் "வேண்டா" என்பார்.
"அப்போ வீட்டுக்கு அனுப்பிடுங்க டீச்சர்"
பின்வரிசை தினமும் புதிதாகச் சிரிக்கும்.

சோப்பூர் ஆப்பிளோடு வந்த மன்சூர் லோன்
மகள் பெயர் ஸூன் என்றார், நிலாவைக் காட்டினார்.
எழுதிக்கொண்டேன்.
"அக்டோபர்ல பொறக்குறவளுக்கு ஜூனா?" என்றான் முனிசேகர்.
அடித்தேன்.
எழில் என்று எழுதினேன்.
நாக்கை மடித்து மடித்துப் பார்த்தான், பாவம்,
அவன் மொழியில் அந்த எழுத்து இல்லை.
எலில், எலில் என்றான்.
எங்கள் எலிக்கும் அவர்கள் எலுகவுக்கும் நடுவில் போய் நின்றது அது.
அடித்தேன்.
வென்னெல வைக்கலாமே என்றான். அதுவும் நிலாதான்.
அவன் தெருவிலேயே மூன்று நிலா.

பிறகு தேயிலைப் பெட்டிகளோடு வந்த தின்சுகியா வண்டி
டயர் வெடித்து இரண்டு நாள் நின்றது.
தீபேன் கோகோய்க்கு எங்கள் மொழி எதுவும் வராது.
வண்டி நெற்றியில் அவர் மொழி. வாசிக்கச் சொன்னேன்.
ஜோனாகி.
அப்படியென்றால்?
இருட்டிக் கிடந்த ஏரிப் பக்கம் திரும்பி
விரல்களைக் குவித்தார், விரித்தார்,
குவித்தார், விரித்தார்.
"மிணுகுரு" என்றான் பஞ்சர் கடைப் பையன்.
"மின்மினி" என்றேன்.
மூன்று பேரும் ஒரே பூச்சியைப் பிடித்திருந்தோம்.

வண்டி போனதும் வெறும் மேடையில் ஏறி நின்றேன்.
அறுபது காட்டியது.
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
எனக்கு எவ்வளவு, உள்ளே இருப்பதற்கு எவ்வளவு
என்றெல்லாம் பிரித்துச் சொல்லாது.

சூலூர்ப்பேட்டை, பிறப்புப் பதிவு ஜன்னல்.
காகிதத்தில் எழுதித்தான் நீட்டினேன்.
குமாஸ்தா பிழையை மன்னிப்பவர்போல் தலையாட்டி
ஜானகி என்று அடித்தார்.
"ஜோனாகி, சார்."
"அதேதாம்மா, ஜானகி."
"ஜோ. ஜோ-னா-கி."
"அப்படி ஒரு பெயரே கிடையாது."
இருக்கிறது சார். தின்சுகியாவில் ஒருத்தி
அந்தப் பெயரோடு பள்ளிக்கூடம் போகிறாள்.
நீங்கள் அடித்தால் இங்கேயும் ஒருத்தி இருப்பாள்.
பின்னால் வரிசை முனகியது.
தோளில் இருந்தவள் எதற்கும் அசையவில்லை.
ஒவ்வோர் எழுத்தாய், தண்டனைபோலத் தட்டி,
திரையை என் பக்கம் திருப்பினார்.

தடா வந்த பிறகு தெலுங்கு வாசிக்கப் பழகியிருந்தேன்.
குழந்தை: ஜோனாகி. சரி.
தந்தை: முனிசேகர். சரி.
தாய்: வெண்டி.

நான் சொன்னது வேறு.
காதில் விழுந்ததைத் தனக்குத் தெரிந்த சொல்லாக
மாற்றி அடித்திருந்தார்.
தெலுங்கில் அது வெள்ளி.
கொலுசு செய்வார்களே, அந்த வெள்ளி.

நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து
விசைமேல் விரலை வைத்தார், அலுப்போடு.
"இதி கூடா மார்ச்சாலா?"

"வேண்டாம்" என்றேன்.